சுற்றுலாக் கிராமத்தில் சேரி எங்கே?



கிராமச் சுற்றுலா பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் ரெண்டு தோழர்கள் சிரிச்சாங்க. கூலிப் பிரச்சினை இருக்கு, சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினை இருக்கு, கோர்ட்டில் வன்கொடுமை வழக்கு இழுத்துக்கிட்டு இருக்கு, இதையெல்லாம் விட்டுட்டு ஊர் சுத்திப் பார்க்கிறதைப் பத்திப் பேச வந்துட்டீங்களே என்று ஒருவர் கேட்டேவிட்டார். நியாயமான கேள்வி. நான் பேசப் போவதும் கூலி, பாதை, வன்கொடுமை இந்த மூன்றைப் பற்றித்தான். ஒரு கிராமத்தைச் சுற்றுலாத் தலமாக்குவது என்று அரசு முடிவெடுத்துவிட்டால் அங்கே நிலத்தின் விலை மாறுகிறது. வேலைகள் புதிதாகப் பங்கு போடப்படுகின்றன. எந்தத் தெருவைக் காட்டுவது, எந்தத் தெருவை மறைப்பது என்று ஒரு குழு உட்கார்ந்து தீர்மானிக்கிறது. அந்தக் குழுவில் நம்ம சனங்க இருக்கிறார்களா என்று நாம்தான் கேட்டாக வேண்டும்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ஊர்' என்ற சொல்லுக்குள் சேரி இல்லை. நம்ம பேச்சிலேயே பாருங்கள், "ஊர்க்காரங்க", "காலனிக்காரங்க" என்று ரெண்டாகத்தான் சொல்றோம். கிராமச் சுற்றுலா இந்த ஊரை மட்டும் எடுத்து, கழுவி, கோலம் போட்டு, விலைக்கு வைக்கிறது. இதை வேண்டாம் என்று தள்ளுவதா, நம்முடைய நிபந்தனைகளோடு உள்ளே போவதா? நிபந்தனைகளோடு உள்ளே போக வேண்டும் என்பது என் கட்சி. அதற்கான காரணங்களைத்தான் இங்கே வைக்கிறேன்.

முதலில் இந்தத் திட்டம் எப்படி வந்தது என்று பார்ப்போம். பத்தாவது அய்ந்தாண்டுத் திட்ட காலத்தில், அதாவது 2002க்குப் பிறகு, மத்திய சுற்றுலா அமைச்சகம் கிராமச் சுற்றுலாவுக்கு என்று தனியாக ஒரு திட்டம் போட்டது. அய்.நா. வளர்ச்சித் திட்ட அமைப்பும் அதில் சேர்ந்துகொண்டது. நாடு முழுக்க 36 இடங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் சாலை, விளக்கு, கட்டடம் போன்ற வேலைகளுக்கு 50 லட்சம் ரூபாய் வரை. பயிற்சி கொடுக்க, குழு அமைக்க 20 லட்சம் வரை. தமிழ்நாட்டிலிருந்து காரைக்குடியும் கழுகுமலையும் அந்தப் பட்டியலில் இருந்தன. அந்தத் திட்டம் முடிந்து பல வருஷம் ஆகிறது. ஆனால் அந்த யோசனை முடியவில்லை. 2021இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியையும் 2023இல் குஜராத்தின் தோர்டோவையும் அய்.நா. உலகச் சுற்றுலா அமைப்பு சிறந்த சுற்றுலாக் கிராமங்களாக அறிவித்தது. 2025 பிப்ரவரியில் வந்த மத்திய பட்ஜெட்டில், வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்கிற ஹோம்ஸ்டே தொழிலுக்கு முத்ரா கடன் தரப்படும் என்று அறிவித்தார்கள். ஆக, பணம் கிராமத்தை நோக்கி வருகிறது. எந்தத் தெருவில் இறங்குகிறது என்பதுதான் கேள்வி.

விற்கப்படுகிற கிராமம் எப்படிப்பட்டது? ஒவ்வொரு பொங்கலுக்கும் சுற்றுலாத் துறை பல மாவட்டங்களில் வெளிநாட்டுப் பயணிகளை பஸ்ஸில் ஏற்றி ஒரு கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. மாலை, பொட்டு, மாட்டுவண்டிச் சவாரி, புதுப்பானையில் பொங்கல், உறியடி, கரகாட்டம். அப்படி ஒரு விழாவுக்கு நானும் போயிருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், எல்லா ஊரும் அப்படித்தான். பஸ் நின்ற இடத்திலிருந்து பந்தல் வரைக்கும் பறை அடித்துக்கொண்டு முன்னால் போனவர்கள் நம்ம ஆட்கள். அவர்கள் அடித்த அடியில்தான் வெள்ளைக்காரங்க ஆடினாங்க, போட்டோ எடுத்தாங்க. சாப்பாட்டு நேரம் வந்ததும் விருந்தாளிகளுக்குப் பந்தலுக்குள் வாழை இலை. பறை அடித்தவர்களுக்குப் பந்தலுக்குப் பின்னால் பொட்டலம். எந்த விருந்தாளியும் பந்தலுக்குப் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. அவர்களுக்குக் கொடுத்த நிகழ்ச்சி நிரலில் பந்தலுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இல்லை.

இந்த அழகான கிராமம் சுற்றுலாத் துறை கண்டுபிடித்தது இல்லை. 1830இல் சார்லஸ் மெட்காஃப் என்ற வெள்ளை அதிகாரி இந்தியக் கிராமங்களைச் சின்னச் சின்னக் குடியரசுகள் என்று எழுதி வைத்தார். யார் ஆண்டாலும், யார் போனாலும் அவை அசையாமல் நிற்கும் என்றார். காந்தியம் அதை இந்தியாவின் ஆன்மா என்று வளர்த்தெடுத்தது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் சட்ட நகலை அவையில் வைத்துப் பேசும்போது அண்ணல் அம்பேத்கர் அதே மெட்காஃபைக் குறிப்பிட்டு, அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டார். கிராமம் என்பது குறுகிய மனப்பான்மையும் அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்கிற இடம் என்பது அவருடைய மதிப்பீடு. ஆகவே அரசியல் சட்டத்தின் அலகாகத் தனிமனிதரை எடுத்துக்கொண்டதற்காக அவர் மகிழ்ச்சி தெரிவித்தார். இன்றைக்குச் சுற்றுலாக் கையேடுகளில் நாம் படிக்கிற கிராமம் மெட்காஃபின் கிராமம். நாம் பிறந்து வளர்ந்தது அம்பேத்கர் சொன்ன கிராமத்தில்.

பட்டியலில் இருந்த நம் இரண்டு ஊர்களையே எடுத்துக்கொள்வோம். கழுகுமலை பார்க்க வேண்டிய ஊர், அதில் சந்தேகமில்லை. மலையைக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயில் பாண்டியர் காலத்து வேலை. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதே மலையில் சமணச் சிற்பங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. வழிகாட்டி இதையெல்லாம் சொல்வார். ஆனால் அடிவாரத்தில் தேர் ஓடுகிற வீதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அந்த வீதி வழியாக ஊர்வலம் போக நாடார்களுக்கு உரிமை இல்லை என்று தடுத்தார்கள். அன்றைக்கு நாடார்களைக் கோயிலுக்குள்ளும் விடவில்லை. 1895இல் இந்த உரிமைப் பிரச்சினை கலவரமாக வெடித்து உயிர்கள் போயின. நான்கு வருஷம் கழித்து சிவகாசியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நாடார்கள் இன்று வேறு இடத்தில் இருக்கிறார்கள், நம்மோடு அவர்களுடைய உறவும் வேறாக இருக்கிறது. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். இங்கே நான் சொல்ல வருவது, தெருவில் நடப்பதே போராட்டமாக இருந்த ஒரு ஊரில் இன்று பயணி கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு தாராளமாக நடக்கிறார். அந்த வீதியில் நடக்கும் உரிமைக்காகச் செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை அவர் காதில் விழ வேண்டாமா?

அடுத்து காரைக்குடி. காரைக்குடி நகரம்தான், ஆனால் செட்டிநாட்டு ஊர்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு அதுதான் வாசல். பர்மா தேக்குத் தூண்கள், இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடி ஓடு, செட்டிநாட்டுச் சமையல். வீடுகள் பெரிசு, நான் இல்லைங்கல. பர்மாவில் வட்டிக்குக் கொடுத்துச் சம்பாதித்த பணம் அங்கே வீடாக நிற்கிறது. அந்த வட்டாரம் முன்பு இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களுக்கு ஆதிக்க சாதியான கள்ளர்கள் 8 தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இவற்றை எழுத்தில் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் மாராப்புப் போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வைத்திருக்கக் கூடாது. மீறினவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின.

மண்பாண்டம் தவிர வேறு கூடாது என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள் தோழர்களே. இன்றைக்கு எந்தக் கிராமச் சுற்றுலா விளம்பரத்தை எடுத்தாலும் "மண்பானைச் சமையல்" இருக்கும். பித்தளைச் செம்பு வாங்கினதற்காக எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்து ஆட்கள் அடி வாங்கினார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகளிடம் போய், பழையபடி மண்பானையில் சமைங்க, கீத்துக் கொட்டகை போடுங்க, அப்பதான் பார்க்க இயற்கையா இருக்கும் என்று சொல்கிறார்கள். ஓலைக்குடிசை பயணிக்கு இரண்டு நாள் சுகம். நமக்கு அது தீ வைக்க வசதியான வீடு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தது ஒரு குடிசையில்தான். ஆகவே காங்கிரீட் வீடும் எவர்சில்வர் பாத்திரமும் நமக்கு நாகரிகப் பகட்டு கிடையாது, விடுதலையின் அடையாளங்கள். அவை படத்தில் விழக் கூடாது என்று சொல்கிறவர் நம்முடைய விடுதலை படத்தில் விழக் கூடாது என்கிறார்.

அதே வட்டாரத்தில் தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவி. கோயில் தேரின் வடம் பிடிக்கும் உரிமையை 1998இல் தலித்துகள் கேட்டார்கள். அதற்குப் பிறகு வருஷக்கணக்காகச் சண்டை, நீதிமன்றம், போலீஸ் காவல். பல வருஷம் தேர் ஓடாமலே நின்றது. 2024 ஜூன் மாதம்தான் மறுபடி ஓடியது. நாம் வடத்தைத் தொடுவதைவிடத் தேரே ஓடாமல் நிற்பது மேல் என்று நினைத்த ஆதிக்கம் அது. செட்டிநாட்டுக்கு வருகிற பயணி மாளிகையின் மரவேலையைப் பார்த்துவிட்டுப் போகிறார். இருபது மைல் சுற்றளவில் ஒரு தேர் ஏன் நின்றது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

இனி பொருளாதாரம். ஹோம்ஸ்டேவுக்கு மத்திய அரசு வகுத்திருக்கிற முறைப்படி, வீட்டுக்காரர் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். வாடகைக்கு விட ஒன்று முதல் ஆறு அறை வரை இருக்க வேண்டும். குளியலறை, கழிப்பறை வசதி தரமாக இருக்க வேண்டும். கேட்கும்போது நல்லாத்தான் இருக்கு. ஆனால் காலனியில் அரசு கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வீட்டில் மூன்று தலைமுறை படுத்துக் கிடக்கிறது. விருந்தாளிக்கு எந்த அறையைக் கொடுப்பது? உபரி அறை வைத்திருக்கிறவர் யார்? நிலம் வைத்திருப்பவர், மெயின் ரோட்டில் வீடு வைத்திருப்பவர், வெளிநாட்டுப் பணம் வருகிறவர். சட்டத்தில் சாதி பற்றி ஒரு எழுத்துக் கிடையாது. ஆனாலும் அறைக் கணக்கு சாதிக் கணக்காகவே முடிகிறது.

வீடு கட்டியாச்சு என்றே வைத்துக்கொள்வோம். சமைப்பது யார்? 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் பெண் ஒருவர் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்க வந்தபோது ஊர் திரண்டு எதிர்த்தது. அரசாங்கச் சம்பளம், அரசாங்க அரிசி, படிக்கிற பிள்ளைகளுக்குப் போடுகிற சோறு, அதற்கே அந்த நிலைமை. வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போட வேண்டி வந்தது. அப்படிப்பட்ட சமூகத்தில் கிராமச் சுற்றுலாவின் முதல் பண்டமே "கிராமத்துச் சாப்பாடு". நம்ம பெண்கள் நெல்லை விளைவிக்கலாம், அறுக்கலாம், அவிக்கலாம். அது சோறாகி இலைக்கு வருகிற கட்டத்தில் அவர்களுடைய கை விலக்கப்படுகிறது. பிறகு நமக்கு மிச்சம் என்ன? பெருக்குவது, பிளாஸ்டிக் பொறுக்குவது, ரிசார்ட்டின் கழிவுத் தொட்டியில் இறங்குவது. ஆபத்தான முறையில் மனிதரைக் கழிவுத் தொட்டியில் இறக்குவது 2013ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். பயணிகள் கூடினால் கழிவும் கூடும். அதை யார் அள்ளுவது என்று திட்ட அறிக்கையில் எழுதாமல் விட்டால், யார் தலையில் விழும் என்று நமக்குத் தெரியும்.

பறை பற்றி இளைஞர்கள் கேட்பீர்கள். எங்க அப்பா சாவு மேளம் அடிச்சவர். எங்க சேரியில் ஒருநாள் ராத்திரி கூட்டம் போட்டு, இனிமே ஊர்ச் சாவுக்கு அடிக்கிறதில்லை என்று முடிவெடுத்தார்கள். அதற்காக மாசக்கணக்கில் வயல் வேலைக்குக் கூப்பிடாமல் பட்டினி போட்டார்கள். அந்தப் பட்டினியில்தான் எங்க தலைமுறை தலைநிமிர்ந்தது. இன்றைக்கு நகரத்து மேடைகளில் பறை விடுதலை இசையாக ஒலிக்கிறது, நானும் கைதட்டுகிறேன். பறையை நாமாக விரும்பி, நம் மேடையில், நம் கூலிக்கு அடிப்பது கலை. நீ இந்த சாதி, ஆகவே விருந்தாளி வரும்போது நீதான் அடிக்கணும் என்று ஊர்க் குழு ஆள் அனுப்பினால், அதன் பெயர் பாரம்பரியக் கலை வளர்ப்பு என்று பேனர் கட்டினாலும் வெட்டிச் சேவகம்தான். செருப்புத் தைப்பது, துணி வெளுப்பது, பானை வனைவது எல்லாவற்றுக்கும் இந்த அளவுகோலைப் பொருத்திப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் கலை இருக்கிறது.

நிலம் இன்னும் பெரிய விஷயம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையை ஒட்டி, 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. முதல் 10 வருஷம் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. அந்த நிலம் எல்லாம் எங்கே போச்சு என்று நாம் கேட்க ஆரம்பித்தபோது, 1994 அக்டோபரில் அதே செங்கல்பட்டுப் பகுதியில் காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களை இழந்தோம். ஒரு ஊர் சுற்றுலா வரைபடத்தில் ஏறினால் நிலத்துக்கு விலை ஏறும். பண்ணை வீடு, ரிசார்ட், கார் நிறுத்தும் இடம் என்று முதலில் கை வைப்பது பட்டா இல்லாத நிலத்தில். புறம்போக்கு, ஏரிக்கரை, மேய்ச்சல் வெளி, பஞ்சமி. நம்ம ஆட்டுக்குட்டி மேய்கிற இடம் அவங்களுக்கு "இயற்கைக் காட்சி".

நிலமும் சுற்றுலாவும் சேர்ந்த கதைக்குப் போச்சம்பள்ளியைவிட நல்ல உதாரணம் கிடையாது. இக்கத் பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர். 1951 ஏப்ரல் 18 அன்று வினோபா பாவே அங்கே வந்தார். அந்த ஊரின் தலித் குடும்பங்கள் எங்களுக்கு உழ நிலம் வேண்டும், 80 ஏக்கர் வேண்டும் என்று அவரிடம் கேட்டார்கள். வெதிரே ராமச்சந்திர ரெட்டி என்ற நிலக்கிழார் 100 ஏக்கர் தருவதாக எழுந்து சொன்னார். பூதான இயக்கம் அங்கிருந்து பிறந்தது. தெலங்கானாவில் உழவர்களின் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இன்று அந்த ஊரின் பெயரே பூதான் போச்சம்பள்ளி. தானம் என்ற சொல் ஊரின் பெயரில் ஏறிக்கொண்டது. தானம் செய்தவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது, வாங்கிக் கொடுத்தவர் பெயர் நிற்கிறது. கேட்டவர்கள் "40 அரிஜனக் குடும்பங்கள்" என்ற எண்ணிக்கையாக நிற்கிறார்கள். அவர்கள் வாய் திறந்து கேட்காமல் இருந்திருந்தால் பூதானமும் இல்லை, இந்தப் பெயரும் இல்லை. கேட்டவர்களின் கதையாக அந்த ஊரைச் சொல்லிப் பாருங்கள், பயணி பார்க்கிற ஊரே வேறாகிவிடும்.

அப்படியானால் கிராமச் சுற்றுலாவே வேண்டாமா? வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தால் நம் கை சுத்தமாக இருக்கும், வருமானமும் அதிகாரமும் அவர்களிடம் இருக்கும். வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் ஹோட்கா என்ற ஊர், அதே 36இல் ஒன்று. 2001 பூகம்பத்தில் நொறுங்கிய மாவட்டம் அது. அங்கே கால்நடை வளர்க்கும் முஸ்லிம்களும், தோல் வேலையும் பூவேலையும் செய்கிற மேக்வால் தலித் மக்களும் வாழ்கிறார்கள். தங்கும் விடுதியை வெளியூர் முதலாளியிடம் விடாமல் கிராமத்துக் குழுவே நடத்துகிற மாதிரி ஏற்பாடு செய்தார்கள். அங்கே போகிற பயணி மேக்வால் பெண்களின் தையலைப் பார்க்கத்தான் போகிறார். அதாவது, தலித் உழைப்பு மேடைக்குப் பின்னால் இல்லை, முன்னால் இருக்கிறது. கேரளத்தின் குமரகத்தில் 2008 வாக்கில், ஓட்டல்கள் தமக்கு வேண்டிய காய்கறியை உள்ளூர் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களிடம் வாங்க வேண்டும் என்று பஞ்சாயத்தும் சுற்றுலாத் துறையும் உட்கார்ந்து பேசி ஏற்பாடு செய்தன. இவை சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. நிபந்தனை போட்டால் பணத்தின் பாதை மாறும் என்பதற்கு இவை சாட்சி, அவ்வளவுதான்.

நமக்கென்றும் பயணங்கள் இருக்கின்றன. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் தண்ணீர் அள்ளிக் குடித்த மகாடு சவுதார் குளத்துக்கு, 1956 அக்டோபர் 14 அன்று பவுத்தம் தழுவிய நாகபுரி தீட்சா பூமிக்கு, டிசம்பர் 6 அன்று மும்பை சைத்திய பூமிக்கு லட்சக்கணக்கில் போகிறோம். அங்கே அதிகம் விற்பது என்ன தெரியுமா? புத்தகம். யாரும் யாரையும் வேடிக்கை பார்ப்பதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்காக வாங்கிக்கொண்டு போகிறார். டிசம்பர் 25 வெண்மணிக்குப் போகிறோம். ஒரு சனம் தன் வரலாற்றைத் தானே காட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

நம்ம ஆளே பயணியாகப் போனால் என்ன நடக்கும் என்பதையும் யோசிக்கணும். சம்பளம் வாங்குகிற தலித் குடும்பம் பிள்ளைகளோடு ஒரு கிராமத்து ஹோம்ஸ்டேவுக்குப் போகிறது. "உங்களுக்கு எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?" என்று ஆரம்பிக்கிறார் வீட்டுக்காரர். பதில் தெரிந்ததும் அறை நிரம்பிவிடுகிறது. 1955ஆம் வருஷக் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி விடுதியில் சாதி பார்த்து இடம் மறுப்பது குற்றம். வீட்டிலேயே நடந்தாலும் காசு வாங்கிப் பொதுமக்களைத் தங்கவைத்தால் அது விடுதிதான் என்று நாம் அடித்துச் சொல்ல வேண்டும்.

என்னுடைய கோரிக்கைகளை வரிசையாக வைக்கிறேன். விவாதியுங்கள், திருத்துங்கள்.

ஒன்று, தீண்டாமை இருக்கிற ஊருக்குச் சுற்றுலாக் கிராமம் என்ற பட்டமோ பணமோ கூடாது. கோயில், தேர், டீக்கடை, முடிதிருத்தகம், குளம், சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றைச் சேரி மக்களையே கேட்டு விசாரித்த பிறகுதான் ஊரைத் தேர்வு செய்ய வேண்டும். பட்டம் கொடுத்த பிறகு மறுப்பு நடந்தால் பட்டத்தைப் பறிக்க வேண்டும். கோயிலிலும் பொதுச் சொத்திலும் நம்மைத் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். குற்றம் நடக்கிற இடத்தை அரசே விளம்பரம் செய்யலாமா?

இரண்டு, சுற்றுலாக் குழுவில் பாதி இடம் சேரிக்கு, அதில் பாதி பெண்களுக்கு. கணக்கு வழக்கைக் கிராம சபையில் படிக்க வேண்டும். வருஷத்துக்கு 6 கிராம சபை இருக்கிறது, ஒன்றில்கூட வாய் திறக்காமல் வரக் கூடாது.

மூன்று, நம்ம தெருவில் விருந்தினர் அறையும் கழிப்பறையும் கட்ட மானியம். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி வரை என்று இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சி செயல்திட்டத்துக்கு 2024இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. சட்டத்தைக் காகிதமாக விடுவதும் கட்டடமாக்குவதும் நம் கையிலும் இருக்கிறது.

நான்கு, பஞ்சமி நிலக் கணக்கை எடுத்து முடிக்காமல் எந்த ஊரிலும் சுற்றுலாக் கட்டடத்துக்கு அனுமதி கூடாது.

அய்ந்து, கலைஞர்களுக்கு முன்கூட்டியே பேசிய கூலி, அதே பந்தலில் அதே பந்தி. குலத்தொழிலைச் செய்துகாட்டச் சொல்லி யாரையும் கூப்பிடக் கூடாது.

ஆறு, ஊரின் முழு வரலாற்றையும் சொல்ல வேண்டும். கழுகுமலையில் 1895 இருக்க வேண்டும். செட்டிநாட்டில் 1930இன் 8 தடைகள் பலகையில் இருக்க வேண்டும். வழிகாட்டிப் பயிற்சியில் நம்ம பிள்ளைகள் இருக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்துவிட்டு முடிக்கிறேன். உங்கள் மாவட்டத்தில் எந்த ஊர்களைச் சுற்றுலாவுக்கு எடுத்திருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குழு உறுப்பினர் பட்டியல், செலவுக் கணக்கு, பயணிகளைக் கூட்டிப் போகும் பாதையின் வரைபடம் மூன்றையும் வாங்குங்கள். வாங்கினதை எடுத்துக்கொண்டு முதலில் அந்த ஊரின் சேரிக்குப் போங்கள். பஸ் இந்தப் பக்கம் வருதா, வந்தால் எங்க நிக்குது, இறங்கினவங்க யார் வீட்டில் தண்ணி குடிச்சாங்க என்று கேளுங்கள். கிடைத்த பதிலை எழுதிக் கொண்டுவாருங்கள். அடுத்த கிராம சபைக்கு அதுதான் நம்முடைய மனு.

ஜெய் பீம்.